தலைக்காட்டுச் சாபம்: கதையும் கணக்கும்

உதகமண்டலத்தை அடுத்த பெர்ன்ஹில்லில் மைசூர் மன்னர்களின் கோடை மாளிகை உள்ளது. 1844-இல் கட்டப்பெற்ற இதனை 1873-இல் மைசூர் அரச குடும்பம் வாங்கியது. இம்மாளிகையைப் பற்றிப் பேச்செடுத்தால், அக்குடும்பத்தைத் தொடர்வதாகச் சொல்லப்படும் ஒரு சாபத்தின் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது.

கதை இதுதான். 1610-இல் இராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். தோற்ற விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா, தம் நகைகளைப் பறிக்க வந்த வீரர்களிடமிருந்து தப்பி, காவிரியில் குதித்து உயிர் நீத்தார். குதிக்குமுன், தலைக்காடு மணலாகவும், மாலங்கி மடுவாகவும், மைசூர் மன்னருக்கு மக்கட்பேறு இல்லாமற் போகவும் சபித்தாராம். இது நடந்தது 1612 என்பர்.

கதை உருக்கமானது, ஐயமில்லை. ஆனால் அது சில செய்திகளை உறுதியாகக் கூறுகிறது. அவற்றைச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லையே!

முதலில் வாரிசுக் கணக்கு. சிக்கதேவராஜருக்குப் பின் 1704-இல் அவர் மகன் கந்தீரவர் பட்டமேறினார். 1714-இல் கந்தீரவரின் மகன் கிருஷ்ணராஜர் பட்டமேறினார். தொடர்ந்து மூன்று தலைமுறை! 1766, 1799, 1894 ஆகிய ஆண்டுகளிலும் தந்தைக்குப் பின் மகனே அரியணை ஏறினார். ‘ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறைக்குத்தான் சாபம்’ என்று இப்போது திருத்திச் சொல்கிறார்கள். 1868 முதல் 2015 வரையிலான சுவீகாரங்களுக்கு இது பொருந்துகிறது. 1704-க்கும் 1714-க்கும் பொருந்தவில்லை. விடைக்கு ஏற்பக் கேள்வியை மாற்றினால் எந்தச் சாபமும் பலிக்கும்.

மேலும், வாரிசின்மை மைசூருக்கு மட்டும் உரியதா? ஆண் வாரிசு இல்லை என்று காரணம் காட்டி, சதாராவை 1848-இலும், ஜான்சியை 1854-இலும், நம் தஞ்சையை 1855-இலும் ஆங்கிலக் கம்பெனி விழுங்கியது. அங்கெல்லாம் எந்த அலமேலம்மா சபித்தார்?

அடுத்து மணல். கங்கரின் தலைநகராயிருந்த தலைக்காடு, சோழர் வென்றபின் இராஜராஜபுரம் எனப் பெயர் பெற்றது. அங்கே 30-க்கும் மேற்பட்ட கோயில்கள் மணலில் புதைந்தன. மணல்மேடுகள் ஆண்டுக்கு 9 முதல் 10 அடி வரை ஊரை நோக்கி நகர்ந்தன என்று ஆங்கிலேயர் காலக் குறிப்புகள் கூறுகின்றன. நகர்ந்தது எப்போது? பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்! காவிரி இங்கே வளைந்து திரும்புகிறது. வளைவில் மணல் படிகிறது. நீர் வற்றிய காலத்தில் காய்ந்த மணலைக் காற்று அள்ளிக் கரையேற்றுகிறது. ஆற்றின் மேற்புறம் 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த மாதவமந்திரி அணை நீரோட்டத்தைக் குறைத்து மணல் திட்டை வெளிப்படுத்தியது என்பது சூழலியலாளர் கணேஷய்யாவின் விளக்கம். ஆற்றின் போக்கு மாறியதற்கும் நிலப்பிளவுகளுக்கும் பங்குண்டு என்போரும் உளர். விவாதம் முடியவில்லை, ஆயினும் அது அளந்து பார்க்கக்கூடிய காரணங்களைப் பற்றிய விவாதம். அணையோ, சாபத்துக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது.

அப்படியானால் கதை வெறும் பொய்யா? அப்படித் தள்ளிவிடவும் கூடாது. வென்றவர்களின் அரண்மனையிலேயே அலமேலம்மாவின் உருவத்துக்கு வழிபாடு நடக்கிறது. தோற்றவருக்கு இழைத்த அநீதியை வென்றவரே மறக்க முடியாமல் சுமந்திருக்கிறார்கள். கதையின் உண்மை அங்கே இருக்கிறது. மணலின் காரணம் அங்கே இல்லை.

இரண்டையும் குழப்புவதால் என்ன கெட்டுவிடும் என்று வாசகர் கேட்கலாம். சாபத்துக்குப் பரிகாரம் செய்யலாம். ஆனால் பரிகாரம் மணலைத் தடுக்காது. அதே நீலகிரியில் 2009 நவம்பரில் பெருமழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவுகளில் கட்டடம் எழுப்பியதும், புல்வெளியையும் சோலையையும் அழித்ததும், வடிகாலை அடைத்ததும் மனிதர் செய்தவை. அவற்றை விதி என்றோ தெய்வக் குற்றம் என்றோ எழுதிவிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

அலமேலம்மாவை நினைவில் வைப்போம். காவிரியின் மணலை அளந்து பார்ப்போம். ஒன்றுக்காக மற்றதை விடவேண்டிய அவசியமில்லை.