மலையிலேயே முடிவாகும் ருசி

ஸ்காட்லாந்து ஹைலண்ட்ஸில் செம்மான் வேட்டைக்குப் போகிறவர், பகலில் பாதியை வயிற்றால் ஊர்ந்தே கழிக்க வேண்டியிருக்கும். மரமில்லாத மலை, ஈரப் புல், கால் புதையும் சதுப்பு. மானின் கண்ணுக்குத் தப்பிவிடலாம், மூக்குக்குத் தப்ப முடியாது. அதனால் மலையின் மடிப்பெல்லாம் அறிந்த ஸ்டாக்கர் என்னும் வேட்டை வழிகாட்டி, தொலைநோக்கியில் மானைத் தேடும்போதே காற்றின் போக்கையும் கணக்குப் போடுவார். பள்ளத்தாக்கில் காற்று சுழலும். அது வேட்டைக்காரரின் பிடரியில் பட்டால் ஊர்ந்ததெல்லாம் வீண். கூட்டமே அடுத்த மலைக்குப் போய்விடும்.

இவ்வளவு பாடும் வீரத்துக்காக என்று நினைப்பவர்கள் கறியைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். துரத்தப்பட்ட மான் தசையில் சேமித்த சர்க்கரையை ஓடியே தீர்த்துவிடும். செத்தபின் அந்தச் சர்க்கரைதான் அமிலமாக மாறிக் கறியைப் பதப்படுத்த வேண்டும். அது இல்லாவிட்டால் கறி கறுத்து, இறுகி, சீக்கிரம் கெடும். மேய்ந்துகொண்டிருந்த மான் சத்தம் கேட்பதற்குள் விழுந்திருந்தால்தான், குளிரறையில் சில நாள் தொங்கவிடுவதற்கே அர்த்தம் உண்டு.

மானைத் தின்ற ஓநாய்கள் ஹைலண்ட்ஸில் அற்றுப்போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. மான் பெருகினால் மரக்கன்று ஒன்றும் தலைதூக்காது. ஆகவே இந்த வேட்டை வனப் பராமரிப்பின் ஒரு பகுதி.

எட்வின் லேண்ட்சீர் 1851இல் வரைந்து முடித்த பன்னிரு கிளைக் கொம்பு ஆண்மான் பிரிட்டனிலேயே புகழ்பெற்ற ஓவியம். அப்படிப்பட்ட மானை நான் சுவரில் மட்டுமே விரும்புவேன். அக்டோபரில் அது இரை மறந்து, கத்தி, சேற்றில் புரண்டு திரியும். கறியில் மூத்திர வாடை ஏறிவிடும். என் ஓட்டு குளிர்காலத்து இளம் பெண்மானுக்கு.

முதுகுத்தசையைக் காய்ந்த இரும்புச் சட்டியில் வெண்ணெய் விட்டு நாலு பக்கமும் சிவக்கவிட்டு, நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். கொழுப்பு குறைந்த கறி; நம் ஆட்டுக்கறிப் பழக்கத்தில் வேகவிட்டால் செருப்புத்தோல்தான். கொஞ்சம் இரும்பு வாசம், பின்னால் ஒரு மெல்லிய இனிப்பு. தொட்டுக்கொள்ள ரோவன் பழ ஜெல்லியின் துவர்ப்பு. தட்டும் சூடாக இருக்கட்டும்: மான் கொழுப்பு ஆறினால் மெழுகாக அண்ணத்தில் ஒட்டும். கால் கறிக்கு மட்டும் எதிர்ச்சட்டம். அதைச் சிவப்பு ஒயினில் அரைநாள் சிறுதீயில் விட்டுவிடலாம். மிளகு தாராளமாகவே போடலாம்.