வெற்றிடமும் காலிப் பணியிடமும்

மகளுக்கு முதற் பிள்ளை பிறந்து வீடு வந்த மறுநாள் காலை, கேற்றடியில் ஸ்கூட்டி நிற்கும் சத்தம் கேட்டது. எங்கள் பகுதிக் குடும்பநல மாது. நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "பிள்ளை நல்லாப் பால் இழுக்குதோ? நீங்கள் நித்திரை கொண்டனீங்களோ?" என்று கேட்டபடியே கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளையின் தொப்புளைப் பார்த்தார். மகளின் வயிற்றை அமர்த்திப் பார்த்தார், தையலைப் பார்த்தார். பிறகு, "அம்மா, எனக்கு ஒரு தேத்தண்ணி போடுறீங்களோ" என்று என்னைக் குசினிக்கு அனுப்பிவிட்டு மகளோடு மெல்லக் கதைத்தார். இரவில் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்பதை என் பிள்ளை எனக்குச் சொல்லவில்லை, நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் அந்த மாதுக்குச் சொன்னாள்.

அடுத்த வருடம் தமிழ்நாட்டில் திருச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் அக்காவின் பேத்திக்குப் பிள்ளை பிறந்தது. அக்கா குடும்பம் 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அங்கே போய்த் தங்கியது. நானும் போய் நின்றேன். நடுச்சாமம் இரண்டு மணிக்கு வலி கண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே விளக்கெரிகிறது, செவிலியர் விழித்திருக்கிறார். விடியமுன் பிள்ளை கையில். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் ஆதார வைத்தியசாலைக்குத்தான் ஓடியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் படியேறினார்கள். பிள்ளைக்காகக் கிராம சுகாதார செவிலியர், சத்துமாவு கொடுக்க அங்கன்வாடிப் பணியாளர், அக்காவின் பிரஷர் மாத்திரையோடு மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர். மூவரும் அன்பானவர்கள்தான். மாத்திரை கொண்டுவந்த பெண் தொட்டிலை எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கியா பாப்பா" என்று கொஞ்சிவிட்டுப் போனார். தாயின் முகம் வெளிறிக் கிடந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது அவருடைய வேலையும் இல்லை.

இரண்டு நாட்டு ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் கண்ணால் கண்டேன். இலங்கை ஆளுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. இந்தியா வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது.

இலங்கையில் இந்த ஏற்பாடு 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழி வந்தது. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் ஒவ்வொரு மாதுக்கும் ஏறக்குறைய 3,000 பேர் கொண்ட ஒரு பரப்பு. பயிற்சி ஒன்றரை வருடம். அதில் கடைசி ஆறு மாதம் களத்தில். அவருடைய சிறிய அலுவலகச் சுவரில் அந்தப் பரப்பின் வரைபடம் தொங்கும். கர்ப்பவதி இருக்கும் வீடு, நிறை குறைந்த பிள்ளை இருக்கும் வீடு எல்லாம் அதில் குறித்திருக்கும். திருமணமாகி வரும் பெண்ணின் பெயர் தகுதியான குடும்பங்கள் பதிவேட்டில் ஏறுகிறது. அதே கைதான் பிறகு அவளுடைய கர்ப்பவதிப் பதிவேட்டையும், பிள்ளையின் நிறையையும், திரிபோஷா சத்துமாப் பொதியையும் கவனிக்கிறது. 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000 அளவில் இருந்த தாய்மார் மரணம் 30, 40 என்ற அளவுக்கு இறங்கியதற்கு வைத்தியசாலைகளும் இலவச மருத்துவமும் காரணம். ஆனால் பெண்களை அந்த வைத்தியசாலை வாசல்வரை கொண்டுவந்தது இந்த மாதுக்களின் சைக்கிள்தான்.

இந்தியாவில் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மகப்பேற்றுக்கென்று பயின்ற துணைச் செவிலியரை 1973இல் கர்த்தார் சிங் குழு பல்நோக்குப் பணியாளராக்கச் சொன்னது. அதன் பிறகு ஒவ்வொரு திட்டமும் அவர் தலையில் ஒரு பதிவேட்டை ஏற்றியது. பாரம் தாங்காதபோது பக்கத்தில் இன்னொருவரைச் சேர்த்தார்கள். 2005க்குப் பிறகு 1,000 பேருக்கு ஓர் ஆஷா பணியாளர் வந்தார். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்த வேலைக்கு ஊக்கத்தொகை. தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில் மட்டும்தான். மற்ற இடங்களில் கிராம சுகாதார செவிலியரே ஓடுகிறார். கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும் என்பதால் அந்த எண் வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்டது. எங்கள் பேத்தியின் விவரத்தைப் பதிய அந்தச் செவிலியர் திண்ணையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் இருந்தார். "சர்வர் சுத்திட்டே இருக்கும்மா" என்றார். அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் இன்னும் இரண்டு வீடு பார்த்திருப்பார்.

அதற்காக எங்கள் வழியே சிறந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாடு செய்த இரண்டு காரியத்தை நாங்கள் இன்னும் செய்யவில்லை. ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியரைச் சுழற்சி முறையில் நிறுத்தி 24 மணி நேரமும் திறந்து வைத்தது. புதுக் கட்டடத்தைவிட அந்த மூன்று பேர்தான் இரவுப் பிரசவங்களை வீட்டிலிருந்து அங்கே வரவழைத்தார்கள். மற்றது, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சுய உதவிக் குழுப் பெண்ணுக்குப் பிரஷர் பார்க்கப் பழக்கி, மாத்திரையை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். எங்கள் ஊரில் சலரோகக்காரர் மாதாந்தக் கிளினிக்கில் விடியற்காலையே போய் வரிசையில் இருக்கிறார்கள். குடும்பநல மாதின் பதிவேடு தாயையும் பிள்ளையையும் விட்டு அந்த வீட்டுக் கிழவரிடம் போகவில்லை.

ஆனால் தமிழ்நாட்டு ஏற்பாட்டின் அடியில் ஒரு அநியாயம் கிடக்கிறது. 2015இல் தேர்வு எழுதி வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு அப்போது கொடுக்கப்பட்ட மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறையின் டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. எங்கள் மாது நிரந்தர அரச ஊழியர், ஓய்வூதியம் உள்ளவர். பத்து வருடம் ஒரே பரப்பில் நிற்பவரிடம்தான் ஒரு பெண் வாய் திறப்பாள். அடுத்த வருடம் வேலை இருக்குமோ என்று தெரியாதவரை ஊர் அறிமுகமாகும் அளவுக்கு யார் விட்டுவைக்கிறார்கள்?

இந்தச் சேவையைச் செம்மைப்படுத்த உற்பத்தித்திறன் என்று பேசத் தொடங்கினால் எங்கள் பணிமனைகளில் முதலில் கோப்புகளுக்கு நிறம் பூசி, அலுமாரிக்கு இலக்கமிடுவார்கள். அது நல்லதுதான், தேடும் கடதாசி உடனே கிடைக்கிறது. ஆனால் ஆள் இல்லாத இடத்தை அலுமாரி நிரப்பாது.

ஆள் இல்லாத அந்த இடத்தை இலங்கையில் வெற்றிடம் என்போம். தமிழ்நாட்டில் அது காலிப் பணியிடம். நாங்கள் பக்கத்துப் பிரிவு மாதுக்குப் பதில் கடமை கொடுக்கிறோம். அவர்கள் கூடுதல் பொறுப்பு கொடுக்கிறார்கள். இரண்டு சொல்லும் ஒரே காரியத்தைச் செய்கின்றன: பட்டியலில் ஆள் இருப்பதாகக் காட்டுகின்றன. 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு 6,000 ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் வேலை பாதியாவதோடு நிற்பதில்லை, அதன் தன்மையே மாறிவிடுகிறது. கூப்பிடாமல் வரும் வருகைதான் முதலில் நின்றுபோகிறது. கிளினிக்கும் தடுப்பூசியும் நடக்கும், மேலே போகும் அறிக்கையில் இலக்கங்களும் சரியாக இருக்கும். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் இதைப் பார்த்தோம். எங்கள் மிஸ் பழைய சைக்கிளை எடுத்து, எட்டிய வீடுகளுக்கு மட்டும் போனார்.

இப்போது அவருக்குப் பக்கத்துப் பிரிவும் பதில் கடமை. போன மாதம் சந்தையில் கண்டபோது கேட்டேன். "அங்கால கர்ப்பவதி இருக்கிற வீட்டுக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் மட்டும் போறன் அம்மா. மற்ற வீடுகள் எனக்கு இன்னும் தெரியாது" என்றார்.