மறைமணமும் மறைத்தோரும்

ஷேக்ஸ்பியரின் நாடகங்களுள், படியாதவரும் பெயரறிந்த நாடகம் 'ரோமியோவும் ஜூலியட்டும்'. 1937-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' திரைப்படத்திலே இந்நாடகத்துக் காதற் காட்சிகளின் சாயலைத் தமிழ் மக்கள் கண்டு களித்தனர். ஆயினும் நம் நெஞ்சில் நிற்பவை நிலவும், மாடமும், மாடத்தின் கீழ் நின்று பேசும் இளைஞனுமே. அப்பேச்சு முடிந்த மறுநாட் பிற்பகலில் அவ்விருவருக்கும் திருமணம் நடந்துவிடுகிறது. அதனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நாடகாசிரியரே அம்மணத்தை மேடையில் காட்டவில்லை. லாரன்ஸ் அடிகளார் இருவரையும் உள்ளே அழைத்துச் செல்வதோடு காட்சி முடிகிறது. காட்டப்படாத அந்த மணமே நாடகத்தின் அச்சாணி என்பது நம் கருத்து.

நாம் பி.ஏ. வகுப்பில் இந்நாடகத்தைப் பாடமாகப் பயின்ற காலத்தில், இதன் அவலத்துக்குக் காரணம் யாது என்ற வினாவுக்கு இரண்டு விடைகளை மனப்பாடம் செய்திருந்தோம். ஒன்று ஊழ், மற்றொன்று இளமையின் அவசரம். தேர்வுக்கு அவை போதுமானவையாக இருந்தன. இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நூலை எடுத்துப் படித்தபோது இரண்டும் நமக்கு நிறைவளிக்கவில்லை.

ஷேக்ஸ்பியருக்கு முதனூலாய் அமைந்தது ஆர்தர் புரூக் என்பார் 1562-இல் வெளியிட்ட நெடும்பாட்டு. அதன் முன்னுரையில் புரூக், பெற்றோர் சொற்கேளாத காதலர்களைக் கடிந்துரைக்கிறார். அவருடைய ஜூலியட்டுக்கு வயது 16. அதற்கும் முன்னர் இத்தாலியில் பந்தெல்லோ எழுதிய கதையில் அவளுக்கு 18. ஷேக்ஸ்பியரோ 14 நிரம்பாத சிறுமியாக அவளைப் படைக்கிறார். காலத்தையும் அவர் சுருக்குகிறார். புரூக்கின் காதலர் மறைவாக மணந்தபின் ஓரிரு திங்கள் இரவுதோறும் கூடி மகிழ்கின்றனர். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஞாயிறு இரவு விருந்தில் சந்திப்பு, திங்கட்கிழமை மணம், வியாழன் வைகறையில் கல்லறை. மணம் முடிந்து ஒரு நாழிகை சென்றதோ இல்லையோ, முதற்கொலை விழுந்துவிடுகிறது.

வயதைக் குறைத்ததும் காலத்தைச் சுருக்கியதும் எதற்காக? காதலரின் அவசரத்தைக் காட்டவே என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. மாடக் காட்சியை ஊன்றிப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். ரோமியோ நிலவின்மீது ஆணையிடப் புகுகிறான், ஜூலியட் தடுக்கிறாள். இவ்வொப்பந்தம் மிக விரைவாக நேர்கிறதே என்று அஞ்சுபவளும் அவளே. நோக்கம் திருமணமாயின், எவ்விடத்தில் எந்நேரத்தில் என்று நாளையே சொல்லியனுப்புக என்று முறையாகக் கேட்பவளும் அவளே. பதின்மூன்று வயதுப் பெண் இவ்வளவு தெளிவாகப் பேசுகையில், அவளைச் சூழ்ந்த மூத்தோர் செய்வது என்ன என்று நோக்கவே ஆசிரியர் அவ்வயதை அமைத்தார் போலும்.

மணத்தைப் பற்றிய அக்கால வழக்கை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் நலம். திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 வயது நிரம்பினால் மணம் செல்லும். ஆயினும் இங்கிலாந்தின் பொதுமக்கள் இருபதின் நடுப்பகுதியிலேதான் பெரும்பாலும் மணந்தனர். (ஷேக்ஸ்பியர் 1582-இல் மணந்தபோது அவருக்கு வயது 18, மனைவிக்கு 26; மூத்த மகளுக்கு 1583 மே மாதத்திலேயே திருமுழுக்கு நடந்தது. இதனைக் கொண்டு நாடகத்துக்குப் பொருள் கூறுவோரும் உளர். நாம் அவ்வழியிற் செல்லவில்லை.) பெற்றோர் அறியாது செய்யும் மணம் குற்றமெனக் கருதப்பட்டது, எனினும் அது செல்லாத மணம் ஆகாது. எனவே ரோமியோ உயிரோடிருக்க ஜூலியட்டுக்கு மற்றொரு மணம் என்பது பாவச்செயல். லாரன்ஸ் அடிகளார் இதனை அறியாதவர் அல்லர்.

அடிகளார் நல்லவர். இம்மணத்தால் இரு குடும்பங்களின் பகையும் நட்பாக மாறும் என்பதே அவர் எண்ணம். ஆனால், ஒருவருக்கும் தெரியாத மணம் பகையை எவ்வாறு தணிக்கும்? இந்தச் சிறு கேள்வியை அவர் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை. கோப்புகளிடையே நாட்கழிக்கும் எம்போன்ற எழுத்தர்க்கு ஓர் அனுபவம் உண்டு. 'மந்தணம்' என்று குறித்த உறை ஒன்று நம் மேசைக்கு வந்தால், அதனை உரிய நாளில் உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பும் உடன்வருகிறது. பூட்டிவைத்தல் மட்டுமே கடமை என்று எண்ணிய ஒருவரால் ஓர் ஏழை ஊழியரின் ஓய்வூதியம் நெடுங்காலம் நின்றுபோனதை நாம் கண்டிருக்கிறோம். அடிகளாரும் உறையைப் பூட்டியே வைத்தார்.

அதன் விளைவை மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சி காட்டுகிறது. மணம் முடிந்து வரும் ரோமியோவைத் தெருவில் டைபால்ட் வம்புக்கு இழுக்கிறான். அவன் ஜூலியட்டின் மாமன் மகன்; ஆகவே ஒரு மணி நேரமாக ரோமியோவுக்கு உறவினன். உன்னை நேசிக்க எனக்குக் காரணம் உண்டு என்று ரோமியோ சொல்கிறான். காரணத்தைச் சொல்ல அவனால் முடியவில்லை. நண்பன் மெர்குஷியோவுக்கு அது கோழைத்தனமாகத் தோன்றுகிறது. அவன் வாளை உருவுகிறான். விலக்கப் புகுந்த ரோமியோவின் கைக்குக் கீழாகவே குத்துண்டு மடிகிறான். பின்னர் டைபால்டும் மடிகிறான். இங்கே ஊழ் எங்கே வந்தது? 'இவள் என் மனைவி' என்ற சொல் நாவில் இருந்தும் வெளிவரவில்லை. இரண்டு உயிர்கள் போயின.

அடுத்த இடம் இன்னும் கொடிது. இரண்டு கோடைகள் கழியட்டும், மகளின் மனத்தையும் அறிவோம் என்று பாரிஸிடம் முதலில் பெருந்தன்மையோடு பேசிய தந்தை காபுலெட், இப்போது வியாழனன்றே மணம் என்கிறார். மறுத்தால் தெருவில் கிடந்து சாவாய் என்கிறார். தாயும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எஞ்சியிருப்பவள் செவிலி ஒருத்தியே. பாலூட்டி வளர்த்தவள், தூது சென்றவள், நூலேணி கொண்டுவந்தவள். அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாறாக, நாடு கடத்தப்பட்டவனை மறந்து பாரிஸையே மணந்துகொள் என்று அறிவுரை கூறுகிறாள். அக்கணத்தில் ஜூலியட் அவளைத் தன் நெஞ்சிலிருந்து விலக்கிவிடுகிறாள். நாடகத்தில் அவள் குழந்தைப் பருவம் முடிவது மணத்தன்று அன்று, இங்கேதான்.

தமிழ் அகப்பொருள் மரபில் களவொழுக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. தலைவிக்கு வேற்று வரைவு நேருமாயின் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உண்மையைப் புலப்படுத்துவர். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். பெருமை பேசுதற்காக இதனை இங்குக் கூறவில்லை. இச்சொல் நம் கையில் இருப்பதால், வெரோனா நகரில் இல்லாதது எது என்பதை நாம் விரைந்து காண முடிகிறது. அங்கே களவு இருந்தது, கற்பும் இருந்தது. நடுவே அறத்தொடு நிற்க ஆள் இல்லை.

டைபால்டின் இரத்தம் காயுமுன் ஒரு மாண்டேகுவை மருமகன் என்று காபுலெட்டிடம் சொல்ல யாருக்குத் துணிவு வரும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் சொல்லாமைக்கு அடிகளார் தேர்ந்த மாற்றுவழி யாது? நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம்போற் கிடக்கச் செய்யும் மருந்து. ஒரு கிழத் தந்தையின் சினத்தைத் தாங்குவதினும் ஒரு சிறுமியை உயிரோடு கல்லறையில் இடுவது அவருக்கு எளிதாயிற்று. மருந்தை அருந்துமுன் ஜூலியட்டுக்கு ஓர் ஐயம் எழுகிறது: முன்னரே தன்னை ரோமியோவுக்கு மணமுடித்த இழுக்கு வெளிப்படாதிருக்க, அடிகளார் நஞ்சைத் தந்திருப்பாரோ? உடனே அவர் தூயவர் என்று ஐயத்தை விலக்கிவிடுகிறாள். நஞ்சைப் பற்றிய ஐயம் தவறு. இழுக்குக்கு அஞ்சுவார் என்ற கணிப்பு தவறன்று. கல்லறையில் அவள் விழித்தெழுந்த வேளையில், காவலரின் அரவம் கேட்டு அவளைத் தனியே விட்டு ஓடுகிறார் அந்த நல்லவர்.

இறுதிக் காட்சியில் அடிகளார் நடந்தவற்றையெல்லாம் இளவரசன் முன் நீண்ட உரையாகக் கூறுகிறார். நாம் அறிந்ததையே மீளச் சொல்வதால் இது சலிப்பூட்டும் என்று கருதி இயக்குநர் பலர் நீக்கிவிடுகின்றனர். 1968-இல் ஜெஃபிரெல்லி எடுத்த புகழ்பெற்ற திரைப்படத்திலும் இவ்வுரை இல்லை. அப்படத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த வெட்டினை ஒப்ப இயலவில்லை. ரோமியோ இவளுடைய கணவன், இவள் அவனுடைய மனைவி என்று ஊரறியச் சொல்லப்படுவது முதன்முதலாக இந்த இடத்தில்தான். நமக்குப் பழஞ்செய்தி, அங்கு நிற்கும் பெற்றோர்க்குப் புதுச்செய்தி. திங்கட்கிழமை சொல்லவேண்டியதை வியாழனன்று, பிணங்களின் நடுவே, அடிகளார் ஒன்றும் விடாது சொல்கிறார். மணத்தைச் செவிலியும் அறிவாள் என்கிறார். செவிலி மேடையில் இல்லை. இளவரசன் அடிகளாரைக் கடியவும் இல்லை. உம்மை என்றும் தூயவராகவே அறிந்திருக்கிறோம் என்கிறான்.

அவ்வுரையைக் கேட்டபின்னரே காபுலெட் மாண்டேகுவைச் சகோதரர் என விளித்துக் கைநீட்டுகிறார். மணமகன் வீட்டார் மணமகளுக்கு எழுதிவைக்கும் சீதனத்தின் பெயரைச் சொல்லி, என் மகளுக்கு உரியது இக்கையே, இதற்குமேல் நான் கேட்பதற்கில்லை என்கிறார். சம்பந்திகள் இருவரும் திருமணப் பேச்சைத் தொடங்குகின்றனர். மணமக்கள் அருகே கிடக்கின்றனர்.