சேர்ந்திசையும் பிசிறும்

கண்டக்டர் என்றால் தமிழனுக்குப் பஸ்ஸில் விசில் ஊதுகிறவர்தான். சபைக்கு முதுகைக் காட்டி நின்று, தான் ஒரு ஸ்வரமும் பாடாமல், கைகளால் மட்டும் பாட்டை நடத்துகிற ஒருவருக்கு நம் ஸங்கீதத்தில் இடம் இல்லை. இது வெறும் பழக்கமின்மை அல்ல. நம்முடையது தனிக்குரலின் ஸங்கீதம். சிஷ்யர்கள் பின்னால் உட்கார்ந்து துணைக்குரல் கொடுப்பதுண்டு. அங்கே அவர்கள் வித்வானின் நிழல்கள். இந்தச் சூழலில்தான் எம்.பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை ஆரம்பித்தார்.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அவரை வேறு வகையில் தெரியும். ஜான் ஆப்ரஹாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) படத்தில் புரொபஸராக வருகிறவர். திரைக்கதை வெங்கட் சாமிநாதனுடையது. படத்தைப் பற்றி, கழுதையைப் பற்றி, அக்ரஹாரத்தைப் பற்றி எழுதித் தீர்த்தாயிற்று. அந்தப் புரொபஸர் நிஜத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. (கெட்ட குரலுக்குக் கழுதையை உவமை சொல்லும் ஊரில், பாடகர் அல்லாதவர்களைப் பாடவைப்பதையே காரியமாகக் கொண்டவர் அந்த வேஷத்தில் வந்தது ஒரு வேடிக்கை.)

1925ல் சித்தூரில் பிறந்தவர், கம்யூனிஸ்ட், சினிமா வாத்தியக்காரர்களுக்கு ஒரு சங்கம் அமைய முன்னின்றவர். பிழைப்பு சினிமாவில். நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசை அவர்தான். ஜெயகாந்தன் அதற்குப் பாட்டு எழுதியிருந்தார். யேசுதாஸின் குரல் முதலில் பதிவானது அவர் இசையமைத்த 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்கு. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'ஸ்வயம்வரம்', 'எலிப்பத்தாயம்' இரண்டுக்கும் அவரே. மலையாளிகள் அவரைத் தங்களவராகவே எண்ணுகிறார்கள். தமிழ் சினிமா அவரை ஓரத்தில் வைத்தது. அதனால் நஷ்டம் அவருக்கா சினிமாவுக்கா என்பது வேறு பேச்சு. ஆனால் சேர்ந்திசை நடத்துவது அவருக்குச் சோறு போட்ட தொழில் அல்ல. சினிமா போட்ட சோற்றில் நடத்திய காரியம். ஐரோப்பாவில் தேவாலயமும் ஓபராவும் நகரசபையும் சம்பளம் கொடுத்து வளர்த்த ஒரு தொழில், இங்கே ஆபீஸ் விட்டு வந்தவர்களோடு மாலை வேளைகளில் நடந்தது.

கலைப் பிரச்னை இதைவிடக் கடினமானது. நம் ராகத்தின் ஜீவன் கமகத்தில். ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை, அசைகிறது. முப்பது தொண்டைகள் ஒரே கமகத்தை அசைத்தால் முப்பது அசைவுகள். அதற்கு மேல், ஒரே சமயத்தில் ஒரு பகுதியினர் ஒரு ஸ்வரத்திலும் மற்றவர்கள் வேறொன்றிலும் நின்று இசைவு உண்டாக்க வேண்டுமென்றால், ஸ்வரங்கள் அசையாமல் நின்றாக வேண்டும். ஆகவே கண்டக்டர் கமகத்தைக் குறைக்கிறார். நாட்டுப்பாடல் மெட்டையும் நடைக்கேற்ற தாளத்தையும் நாடுகிறார். சலீல் சௌதுரி 1958ல் பம்பாயில் தொடங்கிய குழுவும் இதே வாசலில்தான் நுழைந்தது. பாரதியைச் சீனிவாசன் சேர்ந்திசைக்குக் கொண்டுவந்தபோது 'நாம்' என்று பேசும் பாரதிக்கு அது பொருந்திப் போயிற்று. 'நான்' என்று தனியே நின்று பேசும் பாரதி ஒருவர் உண்டே, அவருக்குப் பொருந்தாது. கூட்டக்குரலில் அந்தத் தனிமை கரைந்து, இயக்கப் பாட்டின் வாடை ஏறிவிடுகிறது. இதை நான் குறையாகவே கருதுகிறேன்.

இன்னொரு கேள்வி. நம்மிடம் கூட்டுக்குரலே கிடையாதா? ஜவ்வாது மலையடிவாரத்தில் கூத்து பார்க்கிறவனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. வேஷக்காரர் அடியெடுக்க, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கி மேலே தூக்குகிறார்கள். ஒருவர் அரை மாத்திரை முன்னே, ஒருவர் பின்னே. மெட்டு ஒன்று, போகிற வழிகள் பல. இந்தப் பிசிறில்தான் அதன் உக்கிரம் இருக்கிறது. மலைமேல் பெண்கள் சேர்ந்து பாடும்போதும் இதே பிசிறு. கண்டக்டரின் முதல் வேலையோ பிசிறை வெட்டுவது. சீனிவாசன் இங்கிருந்து தொடங்கியிருந்தால், மேற்கத்திய இசைவுக்குப் பதில் இந்தப் பிசிறையே ஒரு அமைப்பாக வளர்த்திருந்தால், என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஸௌகரியம் ஒளிந்திருக்கிறது. பின்பாட்டு என்பது சேர்ந்தே வளர்ந்தவர்களின் ஒற்றுமை. ஒரே ஊர், ஒரே உறவு, பெரும்பாலும் ஒரே ஜாதி. அங்கே பக்கத்திலிருப்பவரைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அவர் குரல் பிறவியிலிருந்தே காதில் இருக்கிறது. சீனிவாசன் எதிரில் நின்றவர்கள் அப்படி அல்ல. மொழி வேறு, வீடு வேறு, பூஜை வேறு. தாய்மொழி அல்லாத மொழிப் பாட்டையும் அவர்கள் பாடினார்கள். இசைவில் பாடுவதென்றால் தன் ஸ்வரத்தை விடாமல், அடுத்தவருடைய வேறு ஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே பாடுவது. கேட்காதவன் வழுக்கி அடுத்தவன் ஸ்வரத்தில் விழுந்துவிடுவான், அல்லது கத்துவான். ஒத்துப்போவது வேறு, ஒன்றாகிவிடுவது வேறு என்ற பேதத்தை மேடைப் பேச்சில்லாமல் தொண்டைக்குக் கற்பிக்க வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இழந்த கமகத்துக்கு இது ஈடா என்றால், அழகியல் கணக்கில் அல்ல என்பேன். வேறொரு கணக்கில் ஈடுதான். இரண்டு கணக்கையும் ஒன்றாக்கிக் காட்டும் முற்போக்கு விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பிற்பாடு அவர் பள்ளிக்கூடங்கள் பக்கம் திரும்பினார். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் கூட்டுப்பாடல் திட்டத்தில், ஆசிரியர்களுக்குப் பல மொழிப் பாடல்களைச் சொல்லிக்கொடுத்து அவர்கள் வழியே குழந்தைகளிடம் சேர்ப்பது என்ற வேலை. மேடைக்குழுவைவிட இதுவே அவருடைய பெரிய கற்பனை. 1988 மார்ச்சில் லட்சத்தீவில் இறந்தார், அறுபத்திரண்டு வயது. சினிமாப் பாட்டுகள் மிஞ்சின. கையசைவு எந்த நாடாவிலும் பதிவாகாது. அவரிடம் பாடியவர்கள் பாட்டைத் தொடர்ந்தார்கள் என்பது பெரிய விஷயம்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறார்கள். எம்.எஸ். விஸ்வநாதனின் மோகன மெட்டு. சுருதி சொல்ல ஆள் இல்லை. முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் ஒரு சுருதி, குரல் உடையத் தொடங்கிய பின்வரிசைப் பையன்கள் வேறொரு சுருதி. இரண்டும் கடைசி அடிவரை விடாமல் போகின்றன. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.