தரமணியில் பாடம், நொய்யலில் செய்தி

சென்னை தரமணியில் இருக்கிற ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் 'கவரிங் டெப்ரிவேஷன்' என்று ஒரு பாடம். இல்லாதவர்களைப் பற்றி எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறார்கள். பி.சாய்நாத் அங்கே வகுப்பெடுத்திருக்கிறார். கட்டாயப் பாடம், யாரும் தப்பிக்க முடியாது. அதற்காகவே அந்தக் கல்லூரிக்கு ஒரு சபாஷ்!

2000-லிருந்து சென்னையில் நடக்கிறது. சசிகுமார் முன்னின்று தொடங்கியது. ஓராண்டு முதுநிலைப் பட்டயம். எல்லாம் சரி, படிப்பு மொத்தமும் இங்கிலீஷில். எனக்கு இடிப்பது அங்கேதான்.

எங்கள் பக்கத்துச் சமாச்சாரத்தையே பாருங்கள். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. தேங்கியதோ திருப்பூரின் சாயத் தண்ணி. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இதை ஒழுங்காக எழுத என்ன தெரியணும்? தண்ணீரில் உப்பு எவ்வளவு, சுத்திகரிப்பு நிலையத்தின் மேல் கடன் எவ்வளவு, ஒரு கிலோ துணிக்குச் சாயக்கூலி என்ன, அதில் தண்ணியைச் சுத்தம் பண்ண எவ்வளவு போகிறது... கோர்ட் உத்தரவைப் படிக்க இங்கிலீஷ் வேணும், ஒத்துக்கொள்கிறேன். கிணறு கெட்டுப்போன விவசாயியும் வேலை போன டையிங் மாஸ்டரும் படிக்கிற மாதிரி எழுத? தமிழ்தானே!

அதை எழுத வேண்டியவர் உள்ளூர் நிருபர். பல பேருக்குக் கையில் வருவது சொற்பம். செய்திக்கும் ஓடணும், தீபாவளி மலருக்கு விளம்பரமும் பிடிக்கணும். விளம்பரம் தருகிறவர்களில் சாயப்பட்டறை முதலாளியும் உண்டு. இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க என் பி.காம். கூடத் தேவையில்லை. பயிற்சி வேண்டியது இவருக்குத்தான். ஆனால் குடும்பத்தை விட்டுவிட்டு, லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டி, ஒரு வருஷம் தரமணியில் போய் உட்கார இவரால் ஆகுமா?

"காலேஜில் படிச்சா ரிப்போர்ட்டர் ஆனோம்?" என்று பழைய ஆசாமிகள் சண்டைக்கு வருவார்கள். பனியன் கம்பெனியில் கைமடிக்க வருகிற பையனும் வேலையில்தான் டெய்லர் ஆகிறான், வாஸ்தவம். ஆனால் அவனுக்குப் பக்கத்து மிஷினில் ஒரு டெய்லர் அண்ணன் இருக்கிறார். ஊர் நிருபருக்குப் பக்கத்தில் யார் சார்?

தரமணி ஆசிரியர்கள் மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு கோவை ரயிலேறட்டும். தமிழில் வகுப்பு. முதல் பாடமாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கையைப் படிப்பது எப்படி என்பதை வைக்கலாம். செலவுக்கு மட்டும் தயவுசெய்து சாயப்பட்டறைக்காரர்களிடம் நன்கொடை கேட்டுப் போகாதீர்கள்.