எட்டாம் நாள்

கரிசற்காட்டு மக்களுக்குப் பட்டினி புதிதன்று. சங்கரன்கோவில் வட்டாரத்துத் திருவேங்கடத்திலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும், மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பெரியாத வீடுகள் இருந்தன என்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். கம்பங்கூழும் சோளச் சோறும் குதிரைவாலிக் கஞ்சியும் உண்டு வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று உணவு இருந்தும் உண்ணாதிருக்கும் வழியைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கின்றனர். காலத்தின் கோலம் என்று இதனைச் சிரித்துத் தள்ளிவிடலாம். எனினும், இதன் பின்விளைவுகள் சிரிப்புக்குரியனவாக இல்லை.

அண்மையில் திருவேங்கடத்தில் ஒரு வலீமா விருந்து. பந்தியில் நமக்கு எதிரே அமர்ந்திருந்த இளைஞர் பிரியாணியைத் தொடவில்லை. வெள்ளரித் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். உடல்நலமில்லையோ என்று பக்கத்திலிருந்த பெரியவர் பரிவோடு வினவினார். “ஏழு நாள் டயட் மாமா. இன்னைக்கு அஞ்சாம் நாள்” என்றார் இளைஞர். பெரியவர் சற்றே யோசித்துவிட்டு, “எட்டாம் நாள் என்னப்பா சாப்பிடுவே?” என்று கேட்டார். “அதுல ஒண்ணும் சொல்லலியே மாமா” என்பதே மறுமொழி.

பெரியவரின் அந்த ஒரு வினாவுக்குள் இத்துறை பற்றிய திறனாய்வு முழுவதும் அடங்கிவிட்டது என்றே நாம் கருதுகிறோம். குறுகிய கால உணவு முறைகளைப் பற்றி வெளிவரும் நூல்கள், துண்டு வெளியீடுகள், காணொளிகள் ஆகியவற்றைத் தனியொரு எழுத்து வகையாகவே கொள்ளலாம். அவ்வகைக்கென்று சில மாறா இலக்கணங்கள் உண்டு. தலைப்பில் ஒரு நாள்கணக்கு: ஏழு நாள், இருபத்தொரு நாள், ஒரு மண்டலம். அடுத்து ஒரு பகைவன்: உடலுக்குள் ஒளிந்திருப்பதாகச் சொல்லப்படும் ‘நச்சு’. இறுதியாக ஒரு சாட்சி: முன்னும் பின்னும் எடுத்த இரு புகைப்படங்கள். இம்மூன்றும் தவறாமல் இடம்பெறும். எட்டாம் நாளைப் பற்றிய அத்தியாயம் மட்டும் எதிலும் இராது. கதையை நிக்காஹ்வோடு முடித்துவிடுகிற நாவலைப் போன்றது இது. வாழ்க்கை தொடங்குவதே அதற்குப் பின்னர்தானே!

முதலில் நாள்கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏழு நாளில் ஏழு கிலோ குறையும் என்று கூறுவோர், எது குறைகிறது என்பதைக் கூறுவதில்லை. நம் உடல், ஈரலிலும் தசைகளிலும் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரை மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. உணவைத் திடீரென நிறுத்தினால் முதலில் செலவாவது இச்சேமிப்பே. அதனோடு நீரும் வெளியேறுவதால் எடைக் கருவியில் 2 கிலோ வரை இறங்கிக் காட்டும். மீண்டும் சோறுண்ணத் தொடங்கியதும் இரண்டு மூன்று நாள்களில் அந்த 2 கிலோவும் வந்து சேர்ந்துவிடும். கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவிடும் ஒருவர், ஏழு நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் உட்கொள்ளாவிடினும், அவரிடம் கரையக்கூடிய கொழுப்பு 2 கிலோவை எட்டாது. அப்படியானால் ஏழு கிலோ என்னும் வாக்குறுதியில் எஞ்சிய பகுதி நீரும், குடலில் இருந்த உணவும், இழக்கக்கூடாத தசையும் அன்றி வேறென்ன?

அடுத்து ‘நச்சு நீக்கம்’. இச்சொல்லைக் கையாளுவோர், எந்த நச்சு, அது உடலில் எவ்வளவு இருந்தது, சிகிச்சைக்குப் பின் எவ்வளவு குறைந்தது என்று அளந்து காட்டியதை நாம் கண்டதில்லை. 2015ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் இத்தகைய உணவு முறைகள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, நச்சை நீக்குகின்றன என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்றே முடிவுகூறினர். இறைவன் நமக்கு அளித்துள்ள இரு சிறுநீரகங்களும் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. கல்லீரலோ ஓய்வறியாது உழைக்கிறது. இவ்வுறுப்புகள் நலமாயிருப்போருக்கு எலுமிச்சைச் சாறு செய்யத்தக்க துப்புரவுப் பணி ஏதும் மீதமில்லை. அவை நலம் குன்றியோருக்கோ சாறு போதாது, மருத்துவர் வேண்டும்.

“நம் பாட்டிமார் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விட்டார்களே, அது தவறா?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். குடற்புழுக்கள் மலிந்திருந்த காலத்தில், வேறு மருந்து கைக்கெட்டாத ஊர்களில், அவ்வழக்கம் ஒரு தேவையிலிருந்தே பிறந்தது. 2015 முதல் ‘தேசியக் குடற்புழு நீக்க நாள்’ கடைப்பிடிக்கப்பட்டு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்பட்டு வருகிறது. பாட்டி எண்ணியதை இன்று ஒரு மாத்திரை செய்துவிடுகிறது. சித்த மருத்துவ மரபில் தேரையர் நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதியைச் சொன்னது உண்மையே. ஆயினும் உண்ணும் முறை, உறங்கும் முறை, நீராடும் முறை என்று ஆண்டு முழுமைக்குமான ஒழுக்கத்தினிடையே அதனையும் ஒன்றாக அவர் வைத்தார். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்து விற்பது மரபைப் போற்றுவதாகாது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்திலும் 942 முதல் 947 வரை ஆறு குறள்கள் உணவைப் பற்றியனவே. அவை பசியையும் செரிமானத்தையும் அளவையும் பேசுகின்றன. எத்தனை நாள் என்ற பேச்சு அவற்றில் ஓரிடத்திலும் இல்லை.

ஒருதலையாகத் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. கடந்த பத்தாண்டுகளில் தமிழ் மக்களிடையே பெரிதும் பரவிய ‘பேலியோ’ முறையை எடுத்துக்கொள்வோம். நியாண்டர் செல்வன் போன்றோர் முகநூல் வழியாகவும் நூல் வழியாகவும் இதனைப் பரப்பினர். சர்க்கரையையும் மைதாவையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் பலர் கைவிட இது தூண்டுதலாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. இதனை வாழ்நாள் முறை என்றே அவர்கள் கூறினர். மக்களோ பெரும்பாலும் இதனைச் சில மாத விரதமாகவே கொண்டனர். காரணம் எளிது. காலை உணவுக்கு 100 பாதாம் பருப்பு என்றால், திருவேங்கடத்தில் தையல் எந்திரத்தை நம்பிப் பிழைக்கும் ஐவர் கொண்ட குடும்பம் அதனை எத்தனை காலம் தாங்கும்? ஒருவருக்குத் தனி அடுப்பு, மற்றவருக்குப் பொது அடுப்பு என்று பிரிந்தால், ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ணும் வழக்கம் என்னாகும்? வீட்டாரோடு சேர்ந்து உண்ண முடியாத முறை வீட்டில் நிலைப்பதில்லை.

குறுகிய கால உணவு முறை நற்பயன் தந்ததற்குச் சான்றே இல்லையா? உண்டு, அதனையும் கூறுவதே நேர்மை. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடிலும் நீரிழிவுடைய 306 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் ஒரு பிரிவினர் 3 முதல் 5 மாதம் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே உட்கொண்டனர். ஓராண்டு முடிவில் அப்பிரிவினரில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நீரிழிவு நிலையிலிருந்து மீண்டிருந்தனர் என 2017இல் அறிவிக்கப்பட்டது. வழக்கமான சிகிச்சை பெற்றோரில் இது 4 விழுக்காடே. பெருஞ்செய்திதான். ஆனால் அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். படிப்படியாக இயல்பு உணவுக்குத் திரும்பப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள். அவ்வாறிருந்தும் இரண்டாம் ஆண்டில் அந்த 46 என்பது 36 ஆயிற்று. ஐந்தாண்டு வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டோரில் 13 விழுக்காட்டினரே அந்நிலையில் நீடித்தனர். எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பிற்று. தக்க துணையோடு நடந்தவர்களுக்கே எட்டாம் நாள் இத்துணைக் கடினமெனில், காணொளியை மட்டும் நம்பித் தனியே நடப்போரின் நிலை என்ன?

அந்த நிலையை 2025ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. மார்ச் மாதம் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண் ஒருவர், எடை குறைக்கும் எண்ணத்தில் இணையம் காட்டிய வழியில் உணவைத் துறந்து உயிரிழந்தார். சூலை மாதம் நம் குமரி மாவட்டத்துக் குளச்சல் அருகே 17 வயது இளைஞர் ஒருவர், ஏறத்தாழ மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே அருந்தி வந்த நிலையில் உயிர் நீத்தார். நாளேடுகளில் சில வரிகளில் முடிந்துபோன செய்திகள். யார் வீட்டுப் பிள்ளையாயினும் பிள்ளையே! அவ்வீடுகளில் இனி எடைக் கருவியை யார் பார்ப்பார்?

நம் இல்லங்களில் இவ்வபாயம் இருவரை நெருங்கி நிற்கிறது. ஒருவர் குடும்பத்தலைவர், அத்தா என்றோ வாப்பா என்றோ வீட்டுக்கு வீடு அழைப்பு மாறும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் நீரிழிவுடையோர் 14.4 விழுக்காடு என்று கூறிற்று. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே உணவைத் திடீரென நிறுத்துவோருக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரிடலாம். மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டுச் சாற்றை நம்புவோருக்கு அது ஏறிக்கொண்டே போகலாம். மற்றொருவர் மணமாகவேண்டிய பெண். “நிக்காஹ்வுக்கு இன்னும் ஒரு மாதம், அதற்குள் மெலிந்துவிடு” என்று மாமியும் சாச்சியும் அன்பாகச் சொல்லும் சொல், இரத்தச் சோகையோடிருக்கும் ஒரு பெண்ணைப் பட்டினிக்குள் தள்ளிவிடுகிறது. சீர்வரிசைச் சுமையைக் கண்டித்து நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியுள்ளன. இந்த எடைச் சுமையையும் கண்டிக்கும் கடமை நமக்கு உண்டு.

“நாம் முப்பது நாள் நோன்பு நோற்கிறோமே, அதுவும் ஒரு சுத்திகரிப்புத்தானே?” என்று சில நண்பர்கள் பெருமையோடு கூறுவர். பெருமை நன்று, ஒப்புமை பொருந்தாது. நோன்பின் நோக்கம் இறையச்சம் என்று திருமறை தெளிவுபடுத்துகிறது, உடல் மெலிவன்று. நோயாளிக்கும் பயணிக்கும் அதே இடத்திலேயே சலுகையும் வழங்குகிறது. இடைவிடாது நாள்களை இணைத்து நோன்பு நோற்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். நோன்பு திறப்பதை விரைவுபடுத்தவும், சஹர் உணவைக் கைவிடாதிருக்கவும் அறிவுறுத்தினார்கள். வாழ்நாள் முழுதும் நோன்பிருப்பேன் என்று உறுதிபூண்ட தோழரை அவ்வழியிலிருந்து திருப்பினார்கள். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். ரமலானில் நோன்பாளிகளுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ எடை குறைவதையும், அது சில வாரங்களில் திரும்பிவிடுவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. எடைக்காக நோற்பவருக்கு ஷவ்வால் பிறை ஏமாற்றத்தையே தரும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் போதியிருக்க, அதன் அருகே வடையும் சமோசாவும் இனிப்பும் குவித்து, பசியைக் கற்க வந்த மாதத்தைப் பண்ட மாதமாக்கிவிட்டவர்களும் நாமேயன்றோ?

மார்க்கம் எட்டாம் நாளை மறக்கவில்லை என்பதே இங்கு நாம் காண வேண்டிய நுட்பம். ரமலானுக்குப் பின் ஷவ்வாலில் ஆறு நோன்பு; மாதந்தோறும் மூன்று; வாரந்தோறும் திங்களும் வியாழனும்; அவற்றுக்கு இடைப்பட்ட எல்லா நாளுக்கும், வயிற்றில் மூன்றிலொரு பகுதி உணவுக்கு, மூன்றிலொரு பகுதி நீருக்கு, மூன்றிலொரு பகுதி மூச்சுக்கு என்னும் அளவு. குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே இறைவனுக்கு உவப்பான செயல் என்பது நபிகளார் நமக்குக் காட்டிய நெறி. வணக்கத்துக்குச் சொல்லப்பட்ட அந்நெறி வயிற்றுக்கும் பொருந்துகிறது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, வாரத்துக்கு அரைக் கிலோ எடை குறைவதே பாதுகாப்பானது என்றும், எடை குறைப்போரின் உணவும் நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழ் போகலாகாது என்றும் கூறுகிறது. அரைக் கிலோ என்பது தலைப்பில் போட்டு விற்கத்தக்க எண்ணன்று. எனினும் ஆறு மாதத்தில் அது ஏறத்தாழ 13 கிலோ! தேநீரில் சர்க்கரையைக் குறைப்பது, சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்துக் கீரையும் பருப்பும் மீனும் கூட்டுவது, பாட்டன் உண்ட கம்பையும் குதிரைவாலியையும் வாரத்தில் சில நாள் அடுப்பேற்றுவது, பள்ளிவாசலுக்கு வண்டியை விடுத்து நடந்து செல்வது — இவற்றில் புகைப்படம் எடுத்துக் காட்டத்தக்க அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் இவை ஒவ்வொன்றையும் எட்டாம் நாளும் செய்யலாம். எண்பதாம் வயதிலும் செய்யலாம்.

ஆகவே, குறுகிய கால உணவு முறைகள் பயனுடையனவா என்று கேட்போருக்கு நாம் கூறும் விடை இதுவே: மருத்துவர் துணையோடு, ஒரு நீண்ட பாதையின் முதலடியாக அமையுமாயின் பயனுண்டு. பாதையே இல்லாத முதலடியாயின், அது நின்ற இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடும். சிலரைத் திரும்பவும் விடாது. அந்தப் பந்தியிலிருந்த இளைஞர், எழுந்திருக்கும் முன் பெரியவரின் வற்புறுத்தலுக்கிணங்கி ஒரு கைப்பிடிச் சோறு உண்டார். அவருடைய எட்டாம் நாள் அன்றே தொடங்கியிருக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

அளவறிந்து உண்டு, உடலென்னும் அமானிதத்தைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.