சொற்கணக்கும் சொல்லீறும்: போடிநாயக்கனூர் மலைச்சரிவுக் குழந்தைகளை முன்வைத்துத் தமிழ் வாசிப்புச் சரளம் குறித்த ஒரு மதிப்பீடு

தொடக்க வகுப்புக் குழந்தையின் வாசிப்பை மதிப்பிடும் முறைகளுள் இன்று செல்வாக்குப் பெற்றிருப்பது நிமிடத்திற்கு இத்தனை சொற்கள் என்னும் கணக்காகும். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், பொருளுணர்ந்து வாசிக்கும் வேகத்தை 2ஆம் வகுப்பு இறுதியில் 45 முதல் 60 சொற்கள் என்றும், 3ஆம் வகுப்பு இறுதியில் குறைந்தது 60 சொற்கள் என்றும் வரையறுத்தது. எழுத்தை இனங்காணும் உழைப்பு குறையக் குறையப் பொருளறிதலுக்கு மனத்தில் இடம் கிடைக்கும் என லாபெர்ஜ், சாமுவேல்ஸ் ஆகியோர் 1974இல் முன்வைத்த கருத்து இத்தகைய அளவீடுகளுக்குப் பின்புலமாக உள்ளது. அக்கருத்தில் குறை காண்பதற்கில்லை. ஆங்கில வாசிப்பை ஒட்டி வளர்ந்த அலகு தமிழுக்கு வரும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. அச்சிக்கலின் சுமை எங்கு விழுகிறது என்பதைப் போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளையும் போன்ற பகுதிகளில் தெளிவாகக் காணலாம்.

'பூ பறி, பால் குடி, வீடு பார்' என்பதில் ஆறு சொற்கள் உள்ளன. எழுத்துகள் 11 மட்டுமே. 'ஏலக்காய் பறிப்பதற்காகப் போயிருக்கிறார்கள்' என்பதில் மூன்றே சொற்கள், எழுத்துகளோ 23. முன்னதை வாசித்த குழந்தை இரு மடங்கு வேகமுடையது என்று கணக்குச் சொல்லும். உண்மையில் பின்னதை வாசித்த குழந்தையே இரு மடங்கிற்கு மேல் உழைத்திருக்கிறது. 2022இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு மொழிதோறும் தனித்தனி எல்லைகளை வகுத்தது. இவ்வேறுபாட்டை அது ஓரளவு ஏற்றுக்கொண்டது எனலாம். எனினும் எல்லையை மாற்றுவது வேறு, அலகை மாற்றுவது வேறு.

தமிழில் வாசிப்பு தடுமாறும் இடம் பெரும்பாலும் சொல்லின் ஈறு. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சிறு சொற்களைப் பார்த்தவுடன் அறியுமாறு குழந்தைகளைப் பழக்குவர். அச்சிறு சொற்கள் செய்யும் பணியைத் தமிழில் வேற்றுமை உருபுகளும் விகுதிகளும் செய்கின்றன. அவை தனித்து நிற்பதில்லை. '-கிறார்கள்', '-இலிருந்து', '-அதற்காக' முதலியவற்றை ஒரே பார்வையில் கொள்ளும் குழந்தை நீண்ட சொல்லைக் கண்டு அஞ்சாது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டும் குழந்தை, ஈற்றுக்கு வருமுன் சொல்லின் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. 247 எழுத்துகளையும் பிழையின்றிச் சொல்லும் குழந்தை கதையின் ஒரு பத்தியில் இடறுவதற்கு இதுவே முதன்மையான காரணம். ஒலிப்புக்குப் பின் வரவேண்டிய உயிர்க்குறி எழுத்தில் முன் நிற்பதும் (கெ, கே, கை), ஒரே ககரம் இடத்திற்கேற்ப ஒலி மாறுவதும் இடர்களே. ஆனால் அவை முதல் இரண்டு ஆண்டுகளில் பெரிதும் தீர்ந்துவிடக் கூடியவை.

ஈறுதான் பேச்சும் எழுத்தும் மிகுதியாக விலகும் இடமும் ஆகும். வீட்டில் 'போயிருக்காங்க' என்று கேட்ட செவிக்கு 'போயிருக்கிறார்கள்' என்பது ஏறக்குறைய அயல் வடிவம். போடி வட்டாரத்தில் இந்த விலகல் பல அடுக்குகளைக் கொண்டது. தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நகரிலும் சுற்றூர்களிலும் தலைமுறைகளாக வாழ்கின்றன. குரங்கணிப் பகுதியின் மேற்சரிவுகளில் முதுவர் குடியிருப்புகள் உள்ளன. இதனோடு பிழைப்பின் நேரமும் சேர்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு விடியலில் ஜீப்பேறும் பெண்கள் மாலையில்தான் திரும்புகின்றனர். வீட்டில் ஒருவர் நூலை உரக்க வாசிக்க, குழந்தை அருகிருந்து கேட்பது இக்குடும்பங்களில் அரிது. எழுத்து வழக்கின் ஈறுகள் குழந்தையின் செவியில் விழுவதற்கு வகுப்பறையைத் தவிர வேறிடமில்லை. அதை வீட்டின் குறை என்பது அறியாமை. பாடத்திட்டம் அறிந்து ஈடுசெய்ய வேண்டிய நிலை அது.

2022 ஜூன் மாதம் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை இந்நோக்கில் அணுகுதல் தகும். வகுப்பை மட்டும் பாராது, கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளைக் குழுப்படுத்திய துணிவு பாராட்டிற்குரியது. ஆயினும் வேகம் குறைந்த குழந்தையை எழுத்துப் பயிற்சிக்கே மீண்டும் அனுப்பும் வாய்ப்பு இம்முறையில் உண்டு. எழுத்து தெரிந்து, ஈறு தெரியாத குழந்தைக்கு அது மருந்தாகாது. தெரிந்ததையே ஓராண்டு திரும்பச் செய்யும் சலிப்பாக முடியும்.

அக்குழந்தைக்கு வேண்டுவது ஒரே சிறு பத்தியை மீண்டும் மீண்டும் வாசிக்கும் பயிற்சி. சாமுவேல்ஸ் 1979இல் விளக்கிய இம்முறையைத் தமிழில் கையாளும்போது ஆசிரியரின் குரல் முந்த வேண்டும். 'மலையிலிருந்து வந்த அம்மா மகளைத் தூக்கினாள்' என்ற தொடரில் 'வந்த' என்னும் பெயரெச்சத்திற்கும் அது கொண்டு முடியும் 'அம்மா'வுக்கும் இடையே மூச்சு விடலாகாது என்பதை விதியாகச் சொல்லி எட்டு வயதுக் குழந்தைக்கு விளக்க இயலாது, கேட்டால் பிடித்துக்கொள்ளும். ஆசிரியர் வாசிக்க, குழந்தைகள் உடன் வாசிக்க, பின் இருவர் இருவராக வாசிக்க ஒரு பத்திக்குப் பத்து நிமிடம் போதும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் சுமப்போருக்கு அப்பத்து நிமிடமும் எளிதன்று என்பதை மறுப்பதற்கில்லை.

அளவிடத்தான் வேண்டுமெனில், சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணுவது சொற்களை எண்ணுவதினும் நேர்மையானது. அதனோடு பிழையின் தன்மையையும் குறித்தல் வேண்டும். வாசிப்புப் பிழைகளை வாசகரின் சிந்தனைக்குச் சான்றாகக் கொள்ளும் நோக்கைக் கென்னத் குட்மன் 1960களிலேயே முன்வைத்தார். 'போயிருக்கிறார்கள்' என்ற இடத்தில் 'போயிருக்காங்க' என்று தயங்காது வாசிக்கும் சிறுமியும், 'போயி... ருக்... கி...' என்று இடறி நிற்கும் சிறுவனும் சொற்கணக்கில் ஆளுக்கொரு பிழை செய்தவர்கள். முன்னவள் தொடரின் பொருளை முழுதும் பற்றிக்கொண்டு அதைத் தன் தாயின் மொழியில் திருப்பித் தந்திருக்கிறாள்.